அக்காவுக்குச் சொல்லாத ஒன்று

அக்கா மலையிலிருந்து விடுப்பில் வந்தால் முதல் மூன்று நாள் தூங்கியே கழிப்பாள். மேலே மூச்சு விடுவதே ஒரு வேலை, இங்கே வந்ததும் நெஞ்சுக்கு அந்த வேலை இல்லாமல் போய்விடுகிறது, அதனால்தான் இப்படித் தூக்கம் வருகிறது என்பாள். இரண்டு வருஷம் முன்பு சித்திரையில் வந்தபோதும் அப்படித்தான். விருதுநகரில் எங்கள் வீட்டுச் சுவரைத் தொட்டால் கை சுடுகிற வெயில். அவள் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்து, அதன்மேல் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்தாள்.

அக்கா கன்னியாஸ்திரி. வடக்கே, இமயமலையின் ஒரு சரிவில் உள்ள சின்ன மடத்தில் இருக்கிறாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அரைநாள் நடந்து ஏறவேண்டும். ஐந்தாறு சிஸ்டர்கள், சிறுபிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் ஓர் அறை, ஜெபத்துக்கு ஒரு கோயில். அவ்வளவுதான் மடம். கார்த்திகையில் பனி விழுந்தால் பங்குனி வரை வழி அடைந்துவிடும். எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை.

நாலாவது நாள் என் மகள் அவளைப் பிடித்துக்கொண்டாள். மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். பெரியம்மா வந்திருப்பதால் வீட்டில் இருந்தாள்.

"பெரியம்மா, உங்கள மாதிரியே மலைமேல இருக்கிற சிஸ்டர்களப் பத்தி ஒரு படம் இருக்கு. வெள்ளக்காரங்க எடுத்தது, ரொம்பப் பழசு. பாக்குறீகளா?"

"எங்களையெல்லாம் வச்சுப் படம் எடுத்தா எவன் உக்காந்து பாப்பான்?" என்று அக்கா சிரித்தாள். ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

மகள் தொலைக்காட்சியில் படத்தைப் போட்டுவிட்டு, தோழி வீட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். நானும் அக்காவும் மட்டும். வருஷத்துக்கு வேண்டிய புளியை வாங்கிப் போட்டிருந்தேன். நடுவில் சாக்கை விரித்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டே பார்த்தோம்.

அந்த மதியத்தில் நடந்ததைச் சொல்வதற்கு முன் அக்கா எப்படி மலைக்குப் போனாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் விஸ்வநத்தம் பக்கம். எங்கள் தாத்தா காலம்வரை அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். அப்பா காலத்தில் எல்லோரும் பட்டாசு வேலைக்கு வந்துவிட்டார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா கம்பெனி லாரியில் லோடு ஏற்றுவார். அதே கம்பெனியில் அம்மா மரத்தடிக் கொட்டகையில் சரம் பின்னுவாள். அக்கா பத்தாவது முடித்துவிட்டு ரெண்டு வருஷம் அம்மாவோடு சரம் பின்னினாள். பதினெட்டு முடிந்ததும் வெடிமருந்து செலுத்துகிற அறைக்கு மாறிவிட்டாள். அங்கே குனிந்தபடியே உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே வரும்போது இமையெல்லாம் மருந்துப் பொடி வெள்ளி பூசியிருக்கும். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஆறு வயது வித்தியாசம்.

ஒருநாள் காலை. அக்காவுக்கு வீட்டுக்கு விலக்கான முதல் நாள். வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தாள். சீசன் நேரம், லீவு கேட்க முடியாது. கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்தபோது அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இன்னிக்கு ஒருநாள் நீ என் ரூமுக்குப் போறியா? நான் சரம் பின்னுறேன்." அம்மா, "சரி, அதுக்கென்ன, எந்திரி" என்றாள். நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். இதை என் காதால் கேட்டேன்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்து ஜன்னல் அதிர்ந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீச்சர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

அம்மா மதுரையில் தீக்காய வார்டில் எட்டு நாள் இருந்தாள். நான் ஒருமுறைதான் உள்ளே போனேன். வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா எட்டு நாளும் அங்கேயே இருந்தாள். ஆனால் அம்மாவைத் தொட அவளால் முடியவில்லை. பஞ்சைக் கையில் எடுப்பாள், கட்டிலருகே போவாள், கை நின்றுவிடும். நர்சுகளுக்கு நாற்பது நோயாளிகள். அந்த வார்டுக்குத் தினமும் காலையில் ஒரு கன்னியாஸ்திரி வருவார். வயதானவர், காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். யார் சொந்தம், யார் சொந்தமில்லை என்று பார்க்காமல் ஒவ்வொருவரையும் துடைத்துவிடுவார். அம்மாவை எட்டு நாளும் துடைத்தது அவர்தான். அம்மா வலியில் அவரைக் கெட்ட வார்த்தையில் வைதாளாம். அவர், "வையும்மா, நல்லா வையி" என்றாராம்.

அம்மாவைப் புதைத்து ஒரு வருஷம் ஆவதற்குள் அக்கா சிஸ்டராகப் போகிறேன் என்று சொன்னாள்.

சொந்தக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். சாமியை மாற்றுவதா என்றார்கள், குலதெய்வம் கேட்காதா என்றார்கள், எவனோ மயக்கிவிட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அய்யா அதில் எதையும் சொல்லவில்லை. "சாமிய விடு. எந்தச் சாமியும் அன்னிக்கு அங்கன இல்ல. நீ ஏன் தாயி எங்கள விட்டுட்டுப் போற?" என்று மட்டும் கேட்டார்.

"என் தாயத் தொட எனக்குக் கை வரல அய்யா. அந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்கன இருந்து என்ன செய்ய?" என்றாள் அக்கா.

போகும் அன்று அய்யா வெளியே வரவில்லை. நான்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். வரும்போது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் இருந்தது. அம்மா போய்விட்டாள், அது அவள் கையில் இல்லை. இவள் தானாக அல்லவா போகிறாள்? வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். அன்றிலிருந்து சோறாக்குவது, தண்ணீர் எடுப்பது, அய்யாவின் துணியைத் துவைப்பது எல்லாம் என் தலையில்.

சில வருஷம் படிப்பு, பயிற்சி. நர்சு வேலையும் கற்றுக்கொண்டாள். பிறகு மலைக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டியபோது அய்யா, "ஒருத்தி தீயில போனா. இவ பனிக்குள்ள போறாளாக்கும்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மலையிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும், பனிக்காலத்தில் நாலைந்து சேர்ந்து வரும். அய்யா கேட்காத மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிறு திரிப்பார். நான் படித்து முடித்ததும், "அம்புட்டுத்தானா?" என்பார். அதில் ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. மலைக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கினாளாம். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் சிவகாசி என்று இருந்ததாம். கடைக்காரரிடம் இது என் ஊர் என்றாளாம். அவர் நம்பவில்லையாம். ஊர் என்றால் வீடு இருக்கும், இது தீப்பெட்டியின் பெயர் அல்லவா என்றாராம். அய்யா அன்றைக்கு முதுகு குலுங்கச் சிரித்தார். தீபாவளிக்குக் கீழே பட்டாளத்து முகாமில் வெடி போடுவார்கள், அன்று மட்டும் நான் கோயிலுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வேன், மற்ற சிஸ்டர்களுக்கு ஏன் என்று தெரியாது என்று இன்னொன்றில் எழுதியிருந்தாள். அதை நான் அய்யாவுக்குப் படிக்கவில்லை, தாண்டிவிட்டேன்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் புரூப் திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம் அய்யாவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. இருபது வருஷம் மருந்துப் பொடியில் மூச்சு விட்டவர். நாலு அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஐப்பசி முடியும் தறுவாயில் படுக்கையாகிவிட்டார். ஒருநாள் கஞ்சி குடித்து முடித்ததும் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவளுக்கு ஒரு கடுதாசி எழுது தாயி. அய்யா பாக்கணும்கிறாருன்னு எழுது. கோவத்துல இத்தன வருசமும் வான்னு ஒரு வார்த்த சொல்லல நான். இப்பச் சொல்றேன். வரச் சொல்லு."

எழுதினேன். அவர் சொன்னபடியே எழுதி, மடித்து, உறையில் போட்டு, விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி என் வேலைப் பையில் வைத்தேன். அச்சகத்துக்குப் போகும் வழியில் தபால்பெட்டி இருந்தது. அதைத் தாண்டிப் போனேன். திரும்பி வரும்போதும் தாண்டி வந்தேன்.

ஏன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்று காலையில்தான் அவர் நனைத்துவிட்ட துணியை அலசிப் போட்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் அலசிக்கொண்டிருக்கிறேன், என் கையைப் பிடித்து அவர் கேட்டது அவளை. அவள் வருவாள், வெள்ளை உடுப்பில் வாசலில் நிற்பாள், அய்யா முகம் மலரும், ஊரே வந்து பார்க்கும், அஞ்சாம் நாள் அவள் மலைக்குப் போய்விடுவாள். நான் மறுபடியும் துணி அலசுவேன். இப்படித்தான் நினைத்தேன். நாளைக்குப் போடலாம் என்றும் நினைத்தேன். ஒரு வாரத்தில் கார்த்திகை பிறந்துவிட்டது. இனிப் போட்டாலும் பனியில் போய்ச் சேராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கீழே டவுனில் இருந்த அவர்களுடைய பெரிய மடத்துக்குப் போன் இருந்தது. அந்த நம்பரும் என்னிடம் இருந்தது.

"போட்டுட்டியா?" என்று அய்யா கேட்டார்.

"போட்டுட்டேன் அய்யா."

அதன்பிறகு தெருமுனையில் பஸ் நிற்கும்போதெல்லாம் தலையைத் திருப்புவார். ஒரு நாளைக்கு எங்கள் ஊருக்கு ஆறு பஸ். ஆறு முறையும் திருப்புவார்.

மார்கழி தொடக்கத்தில் ஒருநாள் முற்பகல், அவருக்கு வெந்நீர் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்துக்கு லீவு சொல்லியிருந்தேன். வெயில் ஜன்னல் வழியாக அவர் காலில் விழுந்திருந்தது. கண்ணை மூடியிருந்தவர் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூத்தவளே, வந்துட்டியா?"

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இளையவள் அய்யா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம்.

"வந்துட்டேன் அய்யா" என்றேன்.

அவர் கை என் கன்னத்தைத் தேடி வந்தது. நான் குனிந்து கொடுத்தேன்.

"மலையில குளிரு சாஸ்தியா?"

"இல்லய்யா."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ உங்கம்மாட்ட ரூம் மாறச் சொல்லிக் கேட்டேல்ல, நீ கேக்கிறதுக்கு முந்தியே நான் அவகிட்டச் சொல்லிட்டேன். அடுப்படியில வச்சுச் சொன்னேன். புள்ளைக்கு முடியல, இன்னிக்கு நீ அந்த ரூமுக்குப் போன்னு. அவளும் சரின்னா. நீ கேக்காம இருந்திருந்தாலும் அவ அங்கனதான் போயிருப்பா. உன் பேர்ல ஒண்ணும் இல்ல தாயி. இத அப்பமே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல. சொன்னா நீ என்ன எப்படிப் பாப்பியோன்னு இருந்துட்டேன்."

மூச்சு வாங்கி வாங்கி இவ்வளவையும் சொன்னார். பிறகு, "சின்னவ எங்க?" என்றார்.

"தண்ணி எடுக்கப் போயிருக்கா" என்றேன்.

"பாவம், அவ. அவளையும் பாத்துக்கோ."

அன்று மாலை ஆவதற்குள் போய்விட்டார். என்னைப் பெயர் சொல்லியோ சின்னவளே என்றோ அவர் கடைசியாகக் கூப்பிட்டது எப்போது என்று எனக்குத் தெரியாது. கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அய்யா இறந்த செய்தியைப் பெரிய மடத்துக்குப் போன் செய்து அன்றே சொன்னேன். என்னிடமே இருந்த அந்த நம்பர் அப்போது மட்டும் எனக்குக் கிடைத்துவிட்டது. மலைக்குத் தகவல் போய், அக்கா வந்து சேர்ந்தது சித்திரையில். வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னக் கேட்டாரா?"

நான் என்ன சொல்வது? கேட்டார் என்றால் ஏன் எழுதவில்லை என்பாள். அவர் சொன்னதைச் சொல்ல வேண்டுமென்றால், அவர் யாரிடம் சொல்வதாக நினைத்துச் சொன்னார் என்பதைச் சொல்ல வேண்டும். நான் அவளாக இருந்ததைச் சொல்ல வேண்டும், தபால்பெட்டியைச் சொல்ல வேண்டும். எந்த முனையில் இழுத்தாலும் என்னிடம்தான் வந்து நின்றது.

"கடைசியில நினைவே இல்லக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகி விருதுநகர் வந்துவிட்டேன், மகள் பிறந்தாள், வளர்ந்தாள். ஒவ்வொரு முறையும் இந்த முறை சொல்லிவிடலாம் என்று இருப்பேன். சொல்லாமலே ரயில் ஏற்றிவிட்டு வந்துவிடுவேன்.

இனி அந்த மதியம்.

படத்தில் ஒரு பெரிய மலை, அதன் உச்சியில் பாழடைந்த பழைய கட்டடம். அதில் மடம் நடத்தச் சில சிஸ்டர்கள் வருகிறார்கள். ஓயாமல் காற்று அடிக்கிறது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். எனக்காக அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

"உடுப்பப் பாரு, எம்புட்டு வெள்ள! விறகுப் புகையில நாங்க எல்லாம் சாம்பக் கலருதான். ஒருத்தி கூட இருமலயே, பாத்தியா? மூக்கு ஒழுகல. மலையில இருக்கிறவளுக்கு மூக்கு ஒழுகாம இருக்குமா?"

நானும் சிரித்தேன். கொட்டை சாக்கில் விழுந்துகொண்டே இருந்தது. மலையெல்லாம் அட்டையில் வரைந்தது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஆனால் காற்றுச் சத்தத்தை மட்டும் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்றாள். கதவைப் பூட்டினாலும் எங்கிருந்தோ உள்ளே வந்து துணியைத் தூக்கும், அப்படியே இருக்கிறது என்றாள்.

படம் போகப்போக அந்தச் சிஸ்டர்கள் ஒவ்வொருவருக்கும் விட்டுவந்த வாழ்க்கை நினைவுக்கு வர ஆரம்பித்தது. ஒருத்தி ஜெபத்தில் இருக்கும்போதே முகம் மாறி எங்கேயோ போய்விடுகிறாள். அக்கா புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"இது நெசம்" என்றாள்.

"எது?"

"மலைக்குப் போனா எல்லாம் மறந்துரும்னு நினைச்சுத்தான் போறோம். அங்கனதான் எல்லாம் வருது. வேற சத்தம் இல்ல பாரு. எனக்கு அந்தக் காலைதான் வரும். அம்மா சேலைய நான் பிடிச்சேன்ல, அது. சேலையில ஈரம் இருந்துச்சு, துவைச்சு வச்ச சேல, சரியாக் காயல. காலைல எந்திரிச்சு முட்டி போட்டதும் நான் முதல்ல சொல்றது அதுதான். அம்மா, நான் கேக்காம இருந்திருக்கணும். ஜெபமெல்லாம் அதுக்குப் பெறகுதான்."

"இன்னுமா?"

"இன்னிக்குக் காலைலயும்."

அன்றைக்குக் காலையில் அவள் என் வீட்டு உள்ளறையில் முட்டி போட்டிருந்ததை நான் பார்த்தேன். அரிசி களைந்துகொண்டே பார்த்தேன். அவள் உதடு அசைந்தது. அதில் இது இருந்திருக்கிறது. முப்பத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு காலையும் இருந்திருக்கிறது. அதில் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் அய்யாவின் பங்கு. மீதி என்னுடையது.

"அக்கா, அய்யா உனக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு."

அவள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "எப்ப?"

"போன அன்னிக்கு."

"நினைவு இல்லன்னு சொன்ன."

"பொய் சொன்னேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் எழுதியதை, பெட்டியைத் தாண்டிப் போனதை, ஆறு பஸ்ஸை, மூத்தவளே என்று அவர் கூப்பிட்டதை, நான் வந்துட்டேன் என்றதை. கடைசியில் அவர் சொன்னதைச் சொன்னேன். நான் சொல்லி முடித்தபோது படத்தில் சிஸ்டர்கள் மடத்தை விட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எப்போது அந்த இடத்துக்கு வந்தது என்று தெரியவில்லை. அக்கா எழுந்து போய் அதை நிறுத்தினாள். புளிக் கையைக் கழுவினாள். வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"அய்யா சொன்னத மட்டும் திரும்பச் சொல்லு. சொன்னபடியே."

சொன்னேன்.

"அடுப்படியில வச்சுன்னு சொன்னாரா?"

"ஆமா."

"மெதுவாச் சொன்னாரா? அளுதாரா?"

"மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாரு. அளல."

"இன்னொரு தடவ சொல்லு."

மூன்று முறை சொல்ல வைத்தாள். மூன்றாம் முறை சொன்னதும் நான் அவள் காலைப் பிடித்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவுமில்லை, என் தலையில் கை வைக்கவுமில்லை.

"கடுதாசி போடாதது எனக்குப் பெருசில்ல புள்ள. நீ சின்னப் புள்ள, அம்புட்டு வேலையும் உன் தலையில போட்டுட்டுப் போனவ நான். ஆனா இது எனக்குச் சொன்ன சொல்லு. எனக்குன்னு அவரு வச்சிருந்தது. இத எப்படி இத்தன வருசம் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு எனக்குச் சோறு போட்ட?"

நான் அவள் காலை விட்டுவிட்டு, சிதறிக் கிடந்த கொட்டைகளைச் சாக்கில் கூட்டிச் சேர்த்தேன்.

அவள், என்னிடம் இல்லை, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள்: "நாளைக்குக் காலைல முட்டி போட்டு நான் என்ன சொல்ல?"

நான் அவளை எங்களோடேயே இருந்துவிடச் சொன்னேன். என் வீடு உன் வீடு, மலை போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடு என்று அழுதுகொண்டே உளறினேன்.

"எதுக்குப் போனேனோ அது இல்லன்னு ஆயிருச்சு. அதுக்காக வந்துர முடியுமா?" என்றாள். "அங்கன காலைல வந்து புள்ளைக கதவத் தட்டும். தட்டுற சத்தம் எனக்கு இங்கனயே கேக்கு."

விடுப்பு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் பயணத்தை மாற்றிக்கொண்டாள். மகளிடம் மடத்தில் அவசர வேலை என்றாள். என் வீட்டுக்காரரிடம் சிரித்துப் பேசினாள். எடுத்த புளியை உப்புப் போட்டுப் பானையில் அடைத்துக் கொடுத்தாள். ஸ்டேஷனில் நான் பையைத் தூக்கினேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "உடம்பப் பாத்துக்கோ" என்றாள். ரயில் நகரும்வரை ஒருவரை ஒருவர் பார்த்தோம், அவ்வளவுதான்.

அதன்பிறகு வந்த முதல் கடிதத்தில் மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தாள். அன்புள்ள சகோதரிக்கு என்று தொடங்கி, ஆண்டவர் உன்னையும் உன் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக என்று முடித்திருந்தாள். அதற்கு முன்னால் அவள் எனக்கு எழுதிய எந்தக் கடிதமும் அப்படித் தொடங்கியதில்லை. ஏ புள்ள என்றுதான் இருக்கும். நான் அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சிஸ்டராக மன்னித்திருக்கிறாள். எல்லோரையும் மன்னிக்க வேண்டிய இடத்தில் இருக்கிறவள் என்னையும் மன்னித்திருக்கிறாள். அக்காவாக என்ன நினைக்கிறாள் என்பது அதில் இல்லை. இப்போதும் மாதம் ஒரு கடிதம் தவறாமல் எழுதுகிறாள். பனி எவ்வளவு, பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், கூரை ஒழுகுகிறது என்றெல்லாம் இருக்கும். போனில் பேசினாலும் அதேதான். அந்த மதியத்தைப் பற்றி அவளும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. காலையில் முட்டி போட்டு இப்போது என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன ஆவணியில் அவள் சபையைச் சேர்ந்த இரண்டு சிஸ்டர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்றுகூடச் சொல்லாமல், அக்காவுக்கு என்ன என்று கேட்டேன்.

"பயப்படாதீங்கம்மா, அவங்க நல்லா இருக்காங்க" என்று மூத்தவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வயதாகிற சிஸ்டர்கள் எல்லோரிடமும் வாங்குவதுதானாம். இறந்தால் எங்கே அடக்கம் செய்ய வேண்டும் என்று அவரவர் எழுதிக் கொடுக்க வேண்டும், ரத்த சொந்தம் ஒருவர் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்த ஊரில் அடக்கம் செய்யக் கேட்டும் எழுதலாமாம். அக்கா மலை என்று எழுதியிருந்தாள். அவளுடைய உருண்டை எழுத்து. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க எழுத்து கலங்கியது. அம்மாவும் அய்யாவும் விஸ்வநத்தம் காட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள்.

"அவ என்னப் பத்தி எதாச்சும் சொல்வாளா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

இளைய சிஸ்டர்தான் பதில் சொன்னார். ஒரு வருஷம் அக்காவோடு மலையில் இருந்தவராம். "சொல்வாங்களே. படுத்த படுக்கையா இருக்கிறவங்களை எப்படித் துடைக்கணும்னு எங்களுக்குக் கத்துக் கொடுக்கும்போது சொல்வாங்க. எங்க அப்பாவைக் கடைசிவரைக்கும் என் தங்கச்சிதான் துடைச்சா, புண் ஒண்ணுகூட வரவிடலன்னு."

"எப்பச் சொன்னா? முந்தியா, இப்பவா?"

அவருக்கு என் கேள்வி புரியவில்லை. "இந்தக் கோடையில" என்றார். அந்த மதியத்துக்கு அடுத்த வருஷத்துக் கோடை.

நான் அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி பற்றவைத்தேன். வந்து தாளை வாங்கி, உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வெயில் அதிகம் என்பதால் குடை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன்.